துபாஷியின் நாவில் ஒரு மாவட்டம்

மாலி நாட்டின் பாண்டியாகராவைப் பற்றி மேற்குலகம் எழுதிக் குவித்தவை ஏராளம். செங்குத்துப் பாறைச் சரிவுகளில் அமைந்த டோகொன் மக்களின் ஊர்களும் அவர்தம் முகமூடி நடனங்களும் மானிடவியலாளர்களுக்குத் தீராத விருந்தாயின. ஆயினும் பிரெஞ்சு ஆட்சியில் ‘செர்க்கிள்’ எனப்பட்ட அந்நிர்வாக மாவட்டம் உண்மையில் எவ்வாறு ஆளப்பட்டது என்பதை அறிய விழைவோர், அவ்வூரிலே பிறந்த முஸ்லிம் அறிஞர் அமாது ஹம்பாத்தே பா 1973இல் வெளியிட்ட ‘வாங்ரினின் விசித்திர விதி’ என்ற நூலையே நாட வேண்டும்.

உமர் தாலின் உறவினரான திஜானி தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியாகராவைத் தமது தலைநகராக்கினார். 1893இல் அதனைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படை, உமரின் மகன் அகிபுவை ஆட்சியில் அமர்த்திப் பின்னர் 1902இல் அவரையும் அகற்றியது. அதன்பின் தினை விளைவிக்கும் டோகொன் உழவர், மந்தை வளர்க்கும் புலானி மேய்ப்பர், ஆண்ட பரம்பரையினரான துக்குலோர் ஆகிய அனைவருக்கும் மேலாக வீற்றிருந்தவர் ‘கொமாண்டான்’ எனும் பிரெஞ்சு அதிகாரி. தலைவரி விதிப்பதும் கட்டாய வேலைக்கு ஆள் திரட்டுவதும் நீதிமன்றமின்றியே தண்டிப்பதும் அவர் கையில் இருந்தன. எனினும் மக்கள் பேசிய மொழிகள் அவருக்குத் தெரியா.

இந்த வெற்றிடத்திலேதான் துபாஷி பிறக்கிறான். பிரெஞ்சுப் பள்ளியில் பயின்ற வாங்ரின், அதிகாரியின் செவியும் மக்களின் வாயுமாகிறான். முதலாம் உலகப் போர்க்காலத்தில் படைக்கென மாடுகளைத் திரட்டும் ஆணையைத் தன் வணிகமாக்கிச் செல்வம் சேர்க்கிறான். பிரெஞ்சு அதிகாரி ஒருவரையும் அதில் சிக்கவைத்துத் தான் தப்புகிறான். ஊர்ப் பெயர்களின் அசைகளை மாற்றியடுக்கி, பாண்டியாகராவைத் ‘தியாகராம்பா’ ஆக்குகிறார் ஆசிரியர். திரை மெல்லியது, பின்னால் நிற்பது தெளிவாகத் தெரிகிறது.

நிர்வாக அறிக்கைகளில் ஆட்சி என்பது மேலிருந்து கீழிறங்கும் கட்டளை. இந்நூலிலோ அது இரு மொழிகளுக்கிடையே நடக்கும் பேரம். இவ்வுண்மையை நிறுவியதே இதன் பெருமை. மார்சல் கிரியோல் 1946இல் முதியவர் ஒகொத்தெம்மேலியிடம் கேட்டறிந்த டோகொன் தத்துவமும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாகவே வந்தது என்பதை எண்ணும்போது, துபாஷியின் நிழல் ஆய்வுலகின் மீதும் படிந்திருப்பது புலனாகும்.

ஆயினும் நமக்கு ஒரு முறையீடு உண்டு. இக்கதை வாங்ரினே தமக்குச் சொன்னது என்கிறார் ஆசிரியர். எனவே நாம் கேட்பதும் ஒரு துபாஷியின் குரலையே. அவன் கொமாண்டானை ஏமாற்றும்போது நாம் மகிழ்ந்து சிரிக்கிறோம்; ஏழைகளுக்கு வாரி வழங்கும்போது மன்னித்தும் விடுகிறோம். ஆனால் அம்மாடுகள் யாருடைய தொழுவத்திலிருந்து வந்தன? அவற்றை இழந்த மேய்ப்பர் ஒருவரது முகமேனும் நம் நினைவில் நிற்பதில்லை. 1922 முதல் குடியேற்ற நிர்வாகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய ஆசிரியருக்கு, விலை கொடுத்தவர்கள் யார் என்பது தெரியாததன்று.

இக்குறையை அவரது இளமை நினைவுகளான ‘அம்கூலெல்’ (1991) ஓரளவு ஈடுசெய்கிறது. 1914ஆம் ஆண்டின் பெரும் பஞ்சம் அதில் ஒரு சிறுவனின் கண்களூடாகக் காட்டப்படுகிறது. துபாஷியின் சாமர்த்தியம் அங்கில்லை. பசித்த மனிதரே உள்ளனர். இரண்டையும் இணைத்துப் படிப்பவருக்கே அம்மாவட்டம் முழுமையாகப் புலப்படும்.

பிறர் சொல்லைச் சுமந்து செல்வது ஓர் அமானிதம். அது மோசடி செய்யப்படும்போது ஆள்பவன் இழப்பது சொற்பம். தன் மொழியன்றி வேறு மொழியறியாத எளியவனே மாட்டையும் தானியத்தையும் இழக்கிறான். வாங்ரினின் சாதுரியத்தை வியக்கும் நாம், அந்த எளியவனின் மௌனத்தையும் அவன் கதைக்குள் வாசிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.