ஒரே அறை, இரண்டு கட்டில்

டீன் பெரும்பாலும் கதவுக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் படுப்பான். வருவது பேயோ பிசாசோ, முதலில் தன்மேல் விழட்டும் என்கிற ஏற்பாடு. உள்பக்கக் கட்டிலில் சாம், மடிக்கணினியோடு. ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரின் இந்தச் சகோதரர்களுக்கு நடுவே எவ்வளவு விலகல் இருந்தது என்று வாதாட வருகிறவர்களிடம் நான் காட்டுவது அந்த இரண்டு கட்டில்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான்.

சாமுக்கு அண்ணன்மேல் ஒட்டுதலே இல்லை என்று ஒரு கட்சி. டீன் தம்பியை மூச்சுவிடவே விடவில்லை என்று எதிர்க்கட்சி. 15 சீசன், 327 எபிசோடு. எந்தக் கட்சிக்குத்தான் ஆதாரம் கிடைக்காது? நான் இரண்டிலும் சேரவில்லை. எவன் பக்கம் நியாயம் என்பதைவிட, கோபம் வந்த இரவில் இருவரும் எங்கே படுத்தார்கள் என்பதே எனக்கு முக்கியம். முதல் ஏழு சீசன்களில் பெரும்பாலும் அதே மோட்டல் அறையில்தான். பேய் வேட்டைக்கு ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அந்த அறைகளுக்காக ஜெர்ரி வானெக் என்ற கலை இயக்குநருக்குத் தனிக் கோயில் கட்டலாம். வான்கூவரில் ஒரு ஸ்டூடியோவுக்குள் திரும்பத் திரும்ப வேஷம் மாற்றிய மோட்டல் அறை அது. ஒரு வாரம் வேட்டைக்காரன் குடில், இன்னொரு வாரம் எழுபதுகளின் டிஸ்கோ. கண்ணைக் குத்தும் வால்பேப்பரைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அந்தத் தடுப்பை. கதவுக்கும் கட்டில்களுக்கும் நடுவே, அல்லது கட்டில்களுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே, ஓட்டை ஓட்டையாக ஒரு தடுப்புச் சட்டம் நிற்கும். ஓர் ஊரில் மரக்கிளை வடிவம், இன்னோர் ஊரில் வட்ட வட்டமாக. கேமரா அதன் வழியாகப் பார்க்கும்போது சாமின் முகத்தில் பாதிதான் கிடைக்கும். சுவர் இல்லை, மறைவும் இல்லை. ஆனால் முழுதாகப் பார்க்க விடாது. பொய் சொல்லிக்கொண்டு ஒரே அறையில் வாழும் இரண்டு பேருக்கு அதைவிடப் பொருத்தமான தச்சு வேலை இருக்க முடியாது. நான்காவது சீசனில் சாம் ரூபி என்ற பெண்பிசாசைத் தேடி ரகசியமாகப் போவதற்கு முன், டீன் தூங்கிவிட்டானா என்று அவன் பார்க்க வேண்டியிருக்கிறது பாருங்கள். அந்த ஒரு பார்வைக்கு இடம் கொடுத்தது அந்த ஒற்றை அறை.

முதல் சீசனின் ‘சம்திங் விக்கெட்’டை நினைத்துப் பாருங்கள். அப்பா வேட்டைக்குப் போய்விட்டார். சிறுவன் டீன் ஸ்பகெட்டி டப்பாவைச் சூடாக்கி வைக்கிறான், சின்னவனுக்கு அது வேண்டாம், சீரியல்தான் வேண்டும். மிச்சம் இருப்பது ஒரு கிண்ணத்துக்கு மட்டும். டீன் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சமைத்ததைக் கொட்டிவிட்டுப் பெட்டியைத் தம்பிமுன் வைக்கிறான். சாம் பெட்டிக்குள் இருந்த பொம்மையை எடுத்து அண்ணனிடம் நீட்டுகிறான். கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. கொடுத்தவனுக்குத் தான் கொடுத்தது தெரியும். வாங்கியவன், தானும் ஒன்று கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

2010 ஏப்ரலில் வந்த ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ அந்தக் கணக்கைத் தீர்க்க வந்த எபிசோடு. இருவரும் மோட்டல் அறையிலேயே சுடப்பட்டுச் சொர்க்கத்துக்குப் போகிறார்கள். அந்தச் சொர்க்கம் அவரவர் இனிய நினைவுகளால் ஆனது. டீனின் இனிய நினைவில் தம்பியும் 1996 ஜூலை 4-இன் வாணவேடிக்கையும். சாமின் இனிய நினைவுகளில் அண்ணன் இல்லை. வேறு யார் வீட்டிலோ நன்றி நாள் விருந்து. ஃபிளாக்ஸ்டாஃபில் ஓடிப்போய் ஒரு நாயோடு தனியாக இருந்த நாட்கள். ஸ்டான்ஃபோர்டுக்குக் கிளம்பிய இரவு. சாம் ஓடிப்போன அந்த நாட்களில் டீன் ஊரெல்லாம் தேடி அலைந்தவன். அப்பா வந்ததும் மாட்டிக்கொண்டவனும் அவன்தான். ஒருவனுக்குச் சொர்க்கமாக மிஞ்சிய அதே நாட்கள் இன்னொருவனுக்கு நரகம்.

இதை வைத்துச் சாமைக் கூண்டில் ஏற்றுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிடித்த நினைவு எது என்று அவன் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு அந்த எபிசோடு முழுவதும் டீனாக நடித்த ஜென்சன் ஆக்கிள்ஸின் தாடைதான். மற்ற நடிகர்கள் கண்ணீரை வரவழைப்பார்கள். இவர் வந்ததைத் திருப்பி அனுப்புவார். தாடை ஒருமுறை இறுகும், ஒரு மிடறு விழுங்குவார், உதட்டோரத்தில் ஏதோ ஒரு கிண்டல் கிளம்பி, கிளம்பும்போதே செத்துவிடும். நரகத்தில் டீன் கழித்த நாற்பது ஆண்டுகளைத் தம்பியிடம் சொல்லும் சாலையோரக் காட்சியைத்தான் பலர் அவருடைய உச்சம் என்பார்கள். அழுகை அங்கே வெளியே வந்துவிடுகிறது. அதனால் எனக்கு அது இரண்டாமிடம். இந்த எபிசோடின் முடிவில், சாம் சின்ன வயதில் கொடுத்த தாயத்தை மோட்டல் குப்பைத்தொட்டிமேல் நீட்டி, ஒரு கணம் பிடித்திருந்து, விடுகிறார் பாருங்கள், அதுதான். சண்டை இல்லை, வசனம் இல்லை. ஆறு வருஷம் கழித்து அந்தத் தாயத்து சாமின் சட்டைப்பையில் ஒளிர்ந்தபோது ரசிகர்கள் கொண்டாடினார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பதில் வராமலே கிடந்த அந்தக் குப்பைத்தொட்டி நல்ல குப்பைத்தொட்டி.

சாமாக நடித்த ஜேரெட் படலெக்கியை நான் மட்டம் தட்டுவதாகச் சிலர் சண்டைக்கு வருவார்கள். ‘மிஸ்டரி ஸ்பாட்’ எபிசோடின் கடைசிப் பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணன் இல்லாத மாதங்களில் சாம் படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரிக்கிறான், ஆயுதங்களை வரிசை பிசகாமல் அடுக்குகிறான். அழுகை இல்லை, ஒழுங்கு மட்டும். இயக்கம் கிம் மேனர்ஸ். துக்கத்தை அறையின் சுத்தத்தில் காட்டலாம் என்று தெரிந்த மனுஷர். 2009 ஜனவரியில் இறந்துபோய்விட்டார். முகத்துக்கு மிக அருகே போய் அங்கேயே பொறுமையாக நிற்கும் அவர் கேமராவும் அவரோடு போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எட்டாவது சீசனில் அவர்களுக்கு வீடு கொடுத்தார்கள். கான்சாஸ், லெபனான், நிலத்தடி பதுங்குகுழி. நூலகம், சமையலறை, ஆளுக்கொரு படுக்கையறை. டீன் தன் அறையை ஆசையாக அலங்கரிப்பதைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சிதான். நாலு வயதில் வீடு எரிந்ததைப் பார்த்தவனுக்கு ஒரு மெத்தை கிடைக்கக்கூடாதா? ஆனால் நாடகத்துக்கு அது பிடித்த சனி. கோபம் வந்தால் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

2014-இல் ‘த பர்ஜ்’. அதே நிலைமையில் நீ செய்ததை நான் உனக்குச் செய்ய மாட்டேன் என்று சாம் சமையலறையில் அண்ணனிடம் சொல்கிறான். தொடரிலேயே துணிச்சலான காட்சி அதுதான் என்பார் என் நண்பர் ஒருவர், சாம் கட்சிக்காரர். சொன்னதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. டீன் தம்பியைக் காப்பாற்ற, அவனைக் கேட்காமலே அவன் உடலுக்குள் ஒரு தேவதையை விட்டவன். ஆனால் சொல்லிவிட்டுச் சாம் எழுந்து போய்விடுகிறான். பழைய மோட்டலாக இருந்தால், அதைச் சொன்ன பிறகு பக்கத்துக் கட்டிலில் அல்லவா படுத்தாக வேண்டும்? விளக்கை யார் அணைப்பது என்பதுகூட ஒரு காட்சி ஆகியிருக்கும். நண்பர் சிரிப்பார், நான் கட்டில் வியாபாரியைப் போலப் பேசுகிறேனாம்.

பிற்கால சீசன்களில் வெளிச்சமும் கூடிவிட்டது, பேச்சும் கூடிவிட்டது. காரில் சாய்ந்து மனம்விட்டுப் பேசும் காட்சி வாராந்திரச் சம்பிரதாயமானது. 200-ஆவது எபிசோடில் பள்ளி மாணவிகள் இந்தச் சகோதரர்களைப் பற்றியே நாடகம் போடும்போது அந்தக் காட்சி வகைக்கே ஒரு பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வார்கள். எழுதியவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. மருந்தும் அவர்களிடமே இருந்தது என்பதற்கு 2015-இன் ‘பேபி’ சாட்சி. எபிசோடு முழுக்கக் கேமரா இம்பாலாவை விட்டு இறங்காது. பதுங்குகுழியிலிருந்து இழுத்து வந்து அந்த 1967 மாடலுக்குள் அடைத்ததும் இருவரும் மறுபடி உயிர் பெற்றுவிட்டார்கள். பாட்டுக்குக் கத்துகிறார்கள், கனவில் வந்த அப்பாவைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேசுகிறார்கள்.

2020 நவம்பரில் வந்த கடைசி எபிசோடு பற்றி இன்னும் அடிதடி ஓயவில்லை. களஞ்சியத்தூணில் குத்தப்பட்டு நின்றபடி டீன் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். அதில் ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன். முதல் எபிசோடில் தம்பியைக் கூப்பிட ஸ்டான்ஃபோர்டுக்கு வந்த அன்று, என்ன சொல்வானோ என்ற பயத்தில் மணிக்கணக்காக வெளியே நின்றிருந்தானாம். மிச்சத்தை அந்தத் தாடையே சொல்லியிருக்கும். டீன் செத்த பிறகு சாம் அண்ணனின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்காருகிறான், கூடவே நாய். ஏழு வருஷமாக நான் திட்டிய அந்தத் தனி அறையை வானெக்கின் ஆட்கள் உருப்படியாகப் பயன்படுத்தியது அந்த ஒரு காட்சியில்தான் என்று நண்பரிடம் சொன்னேன். அப்படியானால் அறை கொடுத்தது சரிதானே என்கிறார். இல்லை, ஒரு காட்சிக்காக எட்டு சீசனா?