மல்லாட்டையும் மதிப்பெண்ணும்

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலோ அறிவியல் கற்பிக்கும் ஒருவர் பேராசிரியர் நிலைக்கு உயர என்ன வேண்டும்? முனைவர் பட்டத்தோடு குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள். 2010இல் தொடங்கிய இந்த மதிப்பெண் முறையால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு.

நன்மையை முதலில் சொல்ல வேண்டும். பணிமூப்பும் சிபாரிசும் ஓங்கியிருந்த இடத்தில் எழுத்து வடிவில் ஓர் அளவுகோல் வந்தது. சென்னையின் பெரிய ஆய்வகத்தில் இருப்பவருக்கும் திண்டிவனத்தில் இருப்பவருக்கும் ஒரே அட்டவணை. முனைவர் பட்டம் வாங்கியதும் ஆய்வை மூட்டை கட்டி வைக்கும் வழக்கத்தையும் அது அசைத்தது.

கேடு, அட்டவணை எதை எண்ணுகிறது என்பதில் இருக்கிறது. ஓர் இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் குறிக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் 10ஐத் தாண்டிய இதழில் வந்த கட்டுரைக்குக் கூடுதலாக 30 மதிப்பெண். அந்த எண்ணே இல்லாத இதழுக்கு 5. மரக்காணம் உப்பள மண்ணை ஆராய்பவருக்கு அந்த உச்சி எட்டாது. உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பிலும் செய்முறைக் கூடத்திலும் நிற்க வேண்டும். அகமதிப்பீடு, தேர்வுப் பணி, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஆவணங்கள் எல்லாம் அதற்கு மேல். மிஞ்சும் நேரத்தில் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமென்றால் ஒரே ஆய்வைத் துண்டு போடத் தோன்றும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் காத்திருக்கும். 2018 மே மாதம் மானியக் குழுவே தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு கொண்டுவந்த கேர் என்னும் இதழ்ப் பட்டியலையும் 2025இல் கைவிட்டது.

எண்ணாமல் தரத்தைச் சோதிப்பது எப்படி என்பதற்கு, இதே திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், ஒட்டுச் சேர்ப்பவர், மாலையில் விரியாத மொட்டைப் பிரித்து இடுக்கியால் மகரந்தப் பைகளை எடுத்துவிடுவார். மறுநாள் விடிந்ததும் வேறு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுவார். விழுது மண்ணில் இறங்கினால்தான் காய். அதன்பின் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு, பல ஊர்ச் சோதனை, உழவர் வயல் சோதனை என்று ஒரு ரகம் வெளிவரப் பத்தாண்டுகூட ஆகிவிடும். குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, ஆந்திரம், கர்நாடகம் வரை பரவிப் பல பத்தாண்டுகள் விளைந்தது. துருவையும் இலைப்புள்ளி நோயையும் அது தாங்காது என்ற குறையையும் வயலே காட்டிக் கொடுத்தது. அங்கே ஆய்வின் தரத்தை அதைப் பயன்படுத்துகிறவர் சோதிக்கிறார்.

இயற்பியலையும் வேதியியலையும் வயலில் சோதிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் படித்துப் பார்த்து எடைபோட முடியும். 2025 ஜனவரியில் வந்த வரைவு விதிகள் மதிப்பெண் அட்டவணையையே விட்டுவிடச் சொல்கின்றன. அந்த இடத்தை வெறுமனே விட்டால் பழைய சிபாரிசுதான் திரும்பி வந்து உட்காரும். ஆசிரியர் தாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நான்கைந்து ஆய்வுகளை அத்துறை அறிந்த வெளியாட்கள் முழுதாகப் படித்து, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உள்ளூர் மண், நீர், பயிர் பற்றிய ஆய்வுக்குத் தனி மதிப்பு வேண்டும். வகுப்பு நேரத்தைக் குறைக்காமல் ஆய்வைக் கேட்பதை நிறுத்த வேண்டும். அளவுகோல் இருக்கட்டும்; எண்ணுவதை விட்டுப் படிக்கத் தொடங்குவோம்.