பருவத்துக்கு ஒரு புத்தகம்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் கல்வியாண்டு மூன்று முறை தொடங்குகிறது. ஜூனில் ஒரு தடவை, காலாண்டு லீவு முடிந்து அக்டோபரில் ஒரு தடவை, அரையாண்டு லீவு முடிந்து ஜனவரியில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் புதுப் புத்தகம் வரும். ஒன்றாம் வகுப்பென்றால் ஒரு தொகுதியில் தமிழும் ஆங்கிலமும், இன்னொன்றில் கணக்கும் சூழ்நிலையியலும். 2012-13இல் வந்த முப்பருவ முறை இது.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் பலருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில்தான் வேலை. அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளிலிருந்து அரையாண்டு லீவில் ஒரு கேள்வி வரும்: “தம்பி, ஜனவரியிலேருந்து புள்ளைக்கு என்ன சொல்லித் தருவாங்க?” பொருளடக்கத்தைப் படித்துக் காட்டினால் அந்த அக்கா திருப்தியாகப் போய்விடுவார். ஆனால் அது புத்தகம் என்ன சொல்லித் தரப்போகிறது என்பதற்கான பதில். பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும் என்பது, போன பருவத்தில் அது எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது. நம் பருவப் புத்தகத்துக்கு அந்த விஷயமே தெரியாது. அதன் பெரிய குறை அதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடலாம். ஆண்டு முழுவதுக்குமான புத்தகங்களை ஆறு வயதுப் பிள்ளை தினமும் முதுகில் சுமந்துகொண்டு போன காலம் இருந்தது. முப்பருவ முறை அந்தச் சுமையைக் குறைத்தது. கூடவே வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு, மூன்று மணி நேரப் பரீட்சை பயத்தையும் குறைத்தது. நூறில் நாற்பது மதிப்பெண் வகுப்பறைச் செயல்பாடுகளுக்கு, அறுபது பருவத் தேர்வுக்கு. ஒரு பருவத்தில் படித்ததை அடுத்த பருவத் தேர்வுக்கு மறுபடி படிக்க வேண்டாம். பிள்ளைகளும் பெற்றோரும் இதை வரவேற்றதில் ஆச்சரியமில்லை.

சரி, இதுல என்ன தப்பு? வரலாற்றுப் பாடத்தில் பெரிய தப்பில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில்தான் இடிக்கிறது.

தமிழ் எழுத்து 247 என்கிறோம். உண்மையில் பிள்ளை மனதில் ஏற வேண்டியவை உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, பிறகு உயிர்மெய்க்கான குறிகள். அந்தக் குறிகளில்தான் சிக்கல். துணைக்கால் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. ஒற்றைக்கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. ‘கொ’ என்று எழுதினால் ‘க’வுக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ககர ஒலியை. பெரியவர்களுக்கு இது உறைக்கவே உறைக்காது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு தாண்டல். சில பிள்ளைகள் ஒரே வாரத்தில் தாண்டிவிடும். சிலவற்றுக்கு இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதத்துக்கு நடுவே பருவம் முடிந்துவிட்டால்? புதுப் புத்தகம் வரும். பழைய புத்தகம் பையிலிருந்து வெளியேறும், பல வீடுகளில் பழைய பேப்பர் கடைக்கே போய்விடும். கொம்பு பிடிபடாத பிள்ளையின் முன்னால், கொம்பு தெரியும் என்று நம்பி எழுதப்பட்ட கதை விரிந்து கிடக்கும்.

கணக்குப் புத்தகத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2018இலும் 2019இலும் வந்த புதிய பாடநூல்களில் எண்கள், அமைப்புகள், அளவைகள், நேரம் போன்ற தலைப்புகள் வெவ்வேறு பருவங்களில் திரும்பி வருகின்றன. முதல் பருவத்தில் அளவைகளைக் கோட்டைவிட்ட பிள்ளை இரண்டாம் பருவத்திலும் அதே தலைப்பைச் சந்திக்கும். சுற்றிச் சுற்றி மேலேறும் படிக்கட்டு மாதிரி. நல்ல யோசனைதான். ஆனால் திரும்பி வருவது தலைப்பு மட்டுமே, விட்டுப்போன படி அல்ல. இரண்டிலக்க எண்ணே தடுமாறும் பிள்ளைக்கு ‘எண்கள்’ என்ற தலைப்பின் கீழே இப்போது மூன்றிலக்க எண் வந்து நிற்கும்.

மென்பொருள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு வசதியைச் சேர்த்து வெளியிடுவதற்கு முன்னால், ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவை இன்னும் வேலை செய்கின்றனவா என்று பழைய சோதனைகளை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்ப்போம். ரிக்ரெஷன் டெஸ்டிங் என்போம். சலிப்பான வேலை, யாரும் பாராட்ட மாட்டார்கள், ஆனால் விட்டால் மாட்டிக்கொள்வோம். முப்பருவ முறையில் இந்த வேலைக்கு இடமில்லை. ஒரு முறை தேர்வு வைத்ததை மறுபடி கேட்பதே இல்லை என்பதுதான் அதன் விதி.

உடனே, “அப்போ அஞ்சாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு வைக்கச் சொல்றீங்களா?” என்று கேட்கலாம். நிச்சயமாக இல்லை. 2019 செப்டம்பரில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று தமிழக அரசு ஆணை போட்டது. எதிர்ப்புக் கிளம்பி 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது சரிதான். நான்கு ஆண்டு முன்பு விட்டுப்போன கொம்பை ஐந்தாம் வகுப்பு முடிவில் கண்டுபிடித்து, பிள்ளையைக் குற்றவாளியாக்கி என்ன பயன்? கண்டுபிடிக்க வேண்டியது அடுத்த பருவத்தின் முதல் வாரத்தில். கேள்வி கேட்கப்பட வேண்டியது பாடத்திட்டத்தை.

இதை நம் கல்வித்துறை அறியாமலில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் இதற்கு நேர் எதிரான யோசனை. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான முறையிலிருந்து எடுத்துக்கொண்டது. பாடம் முழுவதும் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு கற்றல் ஏணியில் வரிசையாக இருக்கும். பிள்ளை தான் நிற்கும் படிக்குரிய அட்டையை எடுத்து, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். பத்து நாள் அம்மை போட்டுப் படுத்திருந்தாலும் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ‘அடுத்த பருவத்தில் என்ன’ என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, ‘அடுத்த அட்டை என்ன’ என்பதுதான்.

அந்த முறைக்கும் குறைகள் இருந்தன. ஒரே ஆசிரியர், முப்பது பிள்ளைகள், முப்பது படிகள். அட்டையை முடிப்பதே நோக்கமாகிப் போன வகுப்புகள் உண்டு. புத்தகத்தைத் திறந்து பார்க்கப் பழகிய பெற்றோருக்கு, பள்ளியில் என்னதான் நடக்கிறது என்று புரியவில்லை. இருந்தாலும், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும் என்ற அடிப்படை சரியானது. 2012இல் பருவப் புத்தகம் வந்தபோது, ஏணி இருந்த வகுப்பறைக்குள் நாள்காட்டி வந்து உட்கார்ந்தது.

அந்த நாள்காட்டி எவ்வளவு குருடு என்பது கொரோனாவில் தெரிந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. மூடும்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, திறக்கும்போது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. இரண்டாம் வகுப்பு என்ற ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் அது பார்க்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு மருந்தாகத்தான் 2022 ஜூனில், நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில், ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருந்தால் அதற்கு அரும்புக்குரிய பயிற்சி. பழைய ஏணி வேறு பெயரில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

எனக்கு இந்தத் திட்டத்தில் நம்பிக்கை உண்டு. குறை என்னவென்றால், ஒரே வகுப்பில் இப்போது இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று பருவத்தின் கடிகாரம், இன்னொன்று பிள்ளையின் நிலை. பயிற்சி நூல்களும் பருவத்துக்குப் பருவம்தான் வருகின்றன. பிள்ளையின் நிலை செயலியில் பதிவாகிறது, வீட்டுக்கு வருவது புத்தகம். அந்த அக்கா புத்தகத்தைப் பார்த்து, “மூணாவது பருவம் வந்துட்டான்” என்று சந்தோஷப்படுகிறார். அவன் இன்னும் அரும்பில் இருக்கிறான் என்பதை அவர் கையில் இருக்கும் எந்தத் தாளும் சொல்வதில்லை.

மேற்குப் புறநகரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தொழிற்பேட்டை வேலைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் குடும்பங்கள் ஜூன் மாதம் பார்த்து வருவதில்லை. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாக்காரர்கள் வருவது குளிர்காலத்தில், சூளை வேலை சூடுபிடிக்கும் நேரத்தில். நம் கணக்கில் அது மூன்றாம் பருவம். தமிழே கேட்டறியாத பிள்ளை முதல் முதலாகக் கையில் வாங்கும் தமிழ்ப் புத்தகம், இரண்டு பருவம் முடித்தவர்களுக்காக எழுதப்பட்டது. 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டப்படி அது தமிழ் படித்தாக வேண்டும். படிக்கட்டும், நல்லதுதான். உள்ளே நுழைய ஒரு கதவு வைக்க வேண்டியது நம் பொறுப்பு.

பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பருவப் புத்தகத்தின் முதல் சில பக்கங்களும் போன பருவத்தின் எழுத்துகளுக்கும் எண்களுக்கும் உரியவையாக இருக்கட்டும். மதிப்பெண் கிடையாது, பெயரும் சொல்ல வேண்டாம், படித்துப் பார்க்க மட்டும். முதல் பத்து நாள் பாடம் அதுவே. கூடவே பெற்றோருக்கு அரைப் பக்கம், பேச்சுத் தமிழில்: ‘இந்தப் பருவம் முடியறப்போ உங்க புள்ள இதைப் படிச்சுக் காட்டணும், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டணும். இப்போ இந்த நிலையில இருக்கு.’ அவ்வளவுதான்.

கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றியெல்லாம் அங்கே பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். ஜனவரிக் கூட்டத்தில் இதையும் கேட்கலாம்: “எங்க புள்ளைங்க எந்த நிலையில இருக்காங்க டீச்சர்? புதுப் புத்தகத்தை எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?”