கம்பியின் ஒரு முனையை மட்டும் கேட்டால் போதுமா?

இண்டியம் ஆன்டிமோனைடு என்ற குறைக்கடத்தியில் செய்த நானோ கம்பி, தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது. அதை ஒரு மீக்கடத்தியோடு ஒட்டவைத்து, தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கும்வரை குளிர்வித்து, நீளவாக்கில் காந்தப்புலம் கொடுத்தால், ஓர் எலக்ட்ரான் நிலை இரு பாதியாகப் பிரிந்து கம்பியின் இரண்டு முனைகளிலும் போய்த் தங்கும் என்று 2010இல் இரண்டு கோட்பாட்டுக் குழுக்கள் கணித்தன. இந்தப் பாதிகளுக்கு மயோரானா நிலைகள் என்று பெயர். தானே தனக்கு எதிர்த்துகளாக இருக்கும் துகளைப் பற்றி 1937இல் எழுதி, மறு ஆண்டே காணாமற்போன இத்தாலிய இயற்பியலர் எத்தோரே மயோரானாவின் நினைவு அது. தகவல் இரண்டு முனைகளிலும் சேர்ந்தே இருப்பதால் ஒரு முனையில் நேரும் இரைச்சல் அதைக் கெடுக்காது. குவாண்டம் கணினி கட்டுவோர் இதைத் தேடி அலைவது அதற்காகத்தான்.

ஆனால் தேடியவர்கள் பெரும்பாலும் ஒரு முனையையே பார்த்தார்கள். 2012இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் லியோ கௌவன்ஹோவன் குழு, கம்பியின் ஒரு முனையில் சுழி மின்னழுத்தத்தில் மின்கடத்தல் திடீரென உயர்வதைக் கண்டது. அந்த முகடே மயோரானாவின் அடையாளம் என்று பலர் நம்பினர். கம்பியில் சிறு மாசோ ஒழுங்கின்மையோ இருந்தால், ஆண்ட்ரேயெவ் நிலைகள் எனப்படும் சாதாரண நிலைகளும் அதே முகட்டைக் காட்டும் என்பது பிறகு தெளிவானது. 2018இல் நேச்சர் இதழில் வந்த இன்னும் வலுவான உரிமைகோரல் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. இயற்பியலர் செர்கே ஃப்ரோலோவும், 2012 கட்டுரையின் முதல் ஆசிரியரான வின்சென்ட் மௌரிக்கும் முழுத் தரவையும் கேட்டு வாங்கிப் பார்த்ததே அதற்குக் காரணம். கட்டுரையில் இடம்பெறாத அளவீடுகள் அதன் முடிவோடு ஒத்துப்போகவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, எல்லாப் பருக்கையும் ஒரே கொதியில் வெந்திருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மயோரானாவின் சிறப்பு எந்த ஒரு பருக்கையிலும் இல்லை. முனைகளுக்கு இடையே உள்ள உறவில் இருக்கிறது. அந்த உறவையே கேட்கும் சோதனைதான் குவாண்டம் பிணைவுச் சோதனை.

கோட்பாட்டு இயற்பியலர்களான டேவிட் கிளார்க், ஜே சாவ், சங்கர் தாஸ் சர்மா மூவரும் 2016இல் அதற்கு ஒரு திட்டம் எழுதினார்கள். மயோரானா நிலைகளால் இரண்டு குபிட்டுகளை, அதாவது குவாண்டம் தகவல் அலகுகளை, அமைத்துப் பிணைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக அளந்து, கிடைக்கும் நான்கு ஒப்புமைகளில் மூன்றைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். ஜான் பெல் 1964இல் தொடங்கிவைத்த சிந்தனையின்படி, விடைகள் முன்கூட்டியே தனித்தனியாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தால் அந்த மதிப்பு 2ஐத் தாண்டாது. குவாண்டம் பிணைவு இருந்தால் ஏறத்தாழ 2.83 வரை போகலாம்.

இந்தத் திட்டத்தில் என்னை மிகவும் கவர்வது ஒரு நுட்பம். மயோரானாக்களை ஒன்றையொன்று சுற்றி, சடை பின்னுவதுபோல் பின்னினால் குபிட் 90 பாகை, 90 பாகையாகத்தான் திரும்பும். 2ஐத் தாண்டவோ 45 பாகைத் திருப்பம் தேவை. பின்னலால் மட்டும் அது கிடைக்காது. முழுமையான கணினிக்கும் அதே திருப்பம் வேண்டும். ஆக, பிணைவைச் சோதிக்கும் அதே சோதனை, கணினிக்கு இன்றியமையாத உறுப்பு ஒன்றையும் சோதித்துவிடுகிறது. ஒரு முனையின் முகட்டை எத்தனை முறை அளந்தாலும் இது கிட்டாது.

குறைகளும் உண்டு. குபிட்டுகளுக்கு இடையே சில மைக்ரோமீட்டர்தான் தூரம். ஓர் அளவீட்டுக்கு மைக்ரோ விநாடிகள் ஆகின்றன. ஒரு மைக்ரோ விநாடியில் ஒளி 300 மீட்டர் போய்விடும். எனவே ஒன்றின் செய்தி மற்றொன்றை எட்டியிருக்கலாம் என்ற ஓட்டையை அடைக்க முடியாது. 2015இல் அதே டெல்ஃப்டில் வைரத் துண்டுகளை 1.3 கிலோமீட்டர் தள்ளி வைத்து அந்த ஓட்டையை அடைத்து, 2.42 என்ற மதிப்பைப் பெற்றார்கள். நானோ கம்பிக்கு இதை ஒரு பெருங்குறையாக நான் எண்ணவில்லை. இங்கே சோதிக்கப்படுவது குவாண்டம் இயற்பியல் அல்ல, ஒரு கருவி.

கவலை தருவது வேறு. பெல் சோதனையில் தேறுவதால் ஒன்று மயோரானா ஆகிவிடாது. சாதாரண மீக்கடத்திக் குபிட்டுகளே 2009இல் தேறிவிட்டன. தோற்றாலும் தெளிவில்லை. எங்கிருந்தோ ஓர் எலக்ட்ரான் உள்ளே புகுந்து, தகவலைத் தாங்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையின் ஒற்றை–இரட்டைக் கணக்கைப் புரட்டிவிட்டால் நல்ல கருவியும் 2க்குக் கீழே நிற்கும். ஆகவே எண் மட்டும் போதாது. கம்பியை நீளமாக்கினால் பிழை குறைகிறதா, பின்னும் பாதையைச் சற்று மாற்றினாலும் விடை அசையாமல் நிற்கிறதா என்று உடன் காட்ட வேண்டும். இந்தத் துணைச் சான்று இல்லாத பெல் மதிப்பு, 2012இன் முகட்டைப் போலவே நம்மை ஏமாற்றக்கூடும்.

2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ‘மயோரானா 1’ சில்லை அறிவித்தது. உடன் வெளிவந்த நேச்சர் கட்டுரையோ, அளக்கப்பட்ட நிலைகள் மயோரானாவுக்குரிய இடவியல் தன்மை உடையவையா என்பதை இந்த அளவீடுகள் மட்டும் தீர்மானிக்கவில்லை என்று தெளிவாகவே சொன்னது. அறிவிப்பு ஓரிடத்திலும் சான்று வேறிடத்திலும் நிற்பது அறிவியலுக்கு நல்லதல்ல. பிணைவுச் சோதனை அறிவிப்புக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது என்பதே என் முடிவு. அதைச் செய்யப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 2ஐத் தாண்டிய கருவியின் தரவோடு, தாண்டாமல் நின்ற எல்லாக் கருவிகளின் தரவையும் அன்றே வெளியிடுங்கள்.