பத்து டிகிரிச் சாய்வு

குழாயில் நிரப்பிய திரவத்தில் ஒரு குண்டு இறங்கும் நேரத்தை வைத்து அதன் பாகுநிலையை அளக்கும் கருவி ஹோப்ளர் விஸ்கோமீட்டர். அதன் பெயரைச் சொன்னதும் பலரும் குண்டுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். பெட்டியில் வரிசையாக ஆறு குண்டுகள், இரண்டு கண்ணாடி, மற்றவை உலோகம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் கண் போவது குழாயின் சாய்வுக்கு. செங்குத்திலிருந்து சரியாக 10 டிகிரி. ஜெர்மனியில் 1930களில் ஃபிரிட்ஸ் ஹோப்ளர் வைத்த அந்தச் சாய்வுக்கு ஈடான கெட்டிக்காரத்தனத்தை வேறெந்த ஆய்வகக் கருவியிலும் நான் பார்த்ததில்லை.

திரவத்தில் நகரும் குண்டைப் பற்றி 1851இல் ஸ்டோக்ஸ் எழுதிய சூத்திரத்தில் திரவத்துக்குக் கரையே கிடையாது. நிஜத்தில் ஜாடிக்குச் சுவர் உண்டு. எல்லாரும் அந்தச் சுவரைத் தொல்லையாக நினைத்துத் திருத்தக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹோப்ளரோ குண்டைச் சுவர் மேலேயே சாய்த்துவிட்டார். நேராக நிற்கும் குறுகலான குழாயில் குண்டு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை இடித்துக்கொண்டு இறங்கும். நேரம் ஒவ்வொரு தடவையும் மாறும். சாய்த்து வைத்தால் எப்போதும் ஒரே தடம். குழாயின் உள்விட்டம் 15.94 மி.மீ., பெரிய குண்டு ஏறக்குறைய 15.81. மிச்சமிருக்கும் பிறைபோன்ற இடுக்கு வழியாகத்தான் திரவம் மேலேறியாக வேண்டும். சூத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை; தெரிந்த திரவத்தில் ஓட்டி மாறிலியை எடுத்துவிட்டால், அடர்த்தி வேறுபாடும் நேரமும் போதும்.

பார்க்கும் விதமும் ஒரு கலை. கண்ணைக் குழாயில் குறித்திருக்கும் மேல் வளையத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வளையத்தின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரிய வேண்டும். குண்டின் அடி விளிம்பு அந்தக் கோட்டைத் தொட்டதும் ஸ்டாப் வாட்ச். அடுத்த 100 மி.மீ. அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூச்சு தானாக நிதானப்படும்.

சுழல் விஸ்கோமீட்டர்காரர்கள் சிரிப்பார்கள். பெயின்ட்டும் தக்காளி சாஸும் உங்கள் குழாய்க்குள் நடக்குமா என்பார்கள். நடக்காது, அந்தத் துறை அவர்களுடையதே. தெளிந்த, ஒழுங்கான நியூட்டன் திரவம் என்றால் மோட்டாரும் சுருள்வில்லும் எதற்கு? புவியீர்ப்புக்குச் சர்வீஸ் கான்ட்ராக்ட் கிடையாது.

எங்கள் கல்லூரி பிராக்டிகலில் ஹோப்ளர் ஏது? உயரமான ஜாடியில் விளக்கெண்ணெய், மேலும் கீழும் ரப்பர் பேண்டு, சைக்கிள் கடையில் வாங்கிய பால்ரஸ். ஜாடியின் நடுவில் போடச் சொல்லி விரட்டுவார் ஆசிரியர். எண்ணெயின் வெப்பநிலையை முதலில் குறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது.

இப்போது கருவி வெளிநாட்டுச் சரக்கு; பொறுமைதான் காணவில்லை. நீர்உறைக்குள் சுற்றும் தண்ணீரின் சூடு மாதிரிக்கு ஏற கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கிளிசரினில் ஒரு டிகிரி ஏறினால் பாகுநிலை ஏறத்தாழ 8 விழுக்காடு இறங்கிவிடும். ஓர் ஆய்வகம் எனக்கு அனுப்பிய கிளிசரின் அறிக்கையில் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருந்தது. வெப்பநிலைக் கட்டம் காலி. ஃபோன் போட்டுக் கேட்டேன். “ரூம் டெம்பரேச்சர்தான் சார்” என்றார்கள். மாதமோ மே. அன்றைக்கு அந்த அறையில் ஏசி ஓடியதா என்று சொல்ல ஆளில்லை.