சேரம்பூர்ச் சாசனமும் சேகரத்துக் குருவானவரும்

பட்டம் பெற்றவர்தாம் குருத்துவத்துக்கு உரியவரா என்னும் வினா தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் நெடுங்காலமாக எழுந்துவருவது. ஜெபசிந்தையும் வேதவாசிப்பும் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து ஆறுதல் சொல்லும் மனமும் உடைய ஒரு நல்ல உபதேசியாரைக் காட்டிலும், கிரேக்கமும் எபிரேயமும் திருச்சபை வரலாறும் தத்துவமும் நான்கைந்து ஆண்டு பயின்று, பரீட்சை எழுதி, பி.டி. என்ற எழுத்துகளைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு வருபவர் எவ்வகையில் சிறந்த மேய்ப்பர் என்று சேகரத்து மூத்தோர் கேட்கின்றனர். சரித்திரமும் அவர்கள் பக்கமே சாட்சி சொல்வதுபோல் தோன்றுகிறது. 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, இந்தியருள் முதல் புரொட்டஸ்டண்டுக் குருவானவராகிய ஆரோன் பல்கலைக்கழகம் எதனையும் கண்டவர் அல்லர். உபதேசியாராக ஊர் ஊராய் நடந்து உழைத்த உழைப்பே அவருக்குக் கல்வியாக அமைந்தது. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல்லின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டப்படிப்பை முடிக்காதவர். இவ்விருவரையும் முன்வைத்துச் சிந்திப்பவர்க்கு, ஊழியத்துக்குப் பல்கலைக்கழகக் கல்வி என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஓர் அலங்காரமாகவே காட்சியளிக்கும்.

என் அபிப்பிராயம் வேறு. பல்கலைக்கழகக் கல்வி இறையியல் மாணவனைக் கெடுத்துவிட்டது என்று சொல்லப்படும் குறைகளிற் பெரும்பாலானவை, அக்கல்வி அவனுக்கு முழுமையாகக் கிட்டாமையால் விளைந்தவை என்றே நான் கருதுகிறேன். இதனை விளக்குவதற்கு, நம் நாட்டு இறையியற் பட்டங்களின் ஊற்றாகிய சேரம்பூரின் வரலாற்றைச் சற்று நின்று நோக்குதல் அவசியமாகும்.

கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில், தரங்கம்பாடியைப் போலவே டென்மார்க்கு அரசரின் ஆட்சிக்குள் அந்நாளில் இருந்த சேரம்பூரில், வில்லியம் கேரி, ஜாஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு என்னும் மூவரும் 1818-இல் ஒரு கல்லூரியை ஸ்தாபித்தபோது, கிறிஸ்தவ இளைஞர்க்கும் ஏனைய இளைஞர்க்கும் ஒருங்கே கீழ்நாட்டு இலக்கியத்தையும் ஐரோப்பிய விஞ்ஞானத்தையும் போதிப்பதே தம் நோக்கம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். கேரி செருப்புத் தைக்கும் தொழிலில் வாழ்க்கையைத் தொடங்கியவர். மொழிகளைத் தாமே கற்று, கோட்டை வில்லியம் கல்லூரியில் வங்கமும் சமஸ்கிருதமும் போதித்தவர். தாவர சாஸ்திரத்தில் தணியாத ஆர்வம் கொண்டு 1820-இல் வேளாண்மைக்கும் தோட்டக்கலைக்கும் ஒரு சங்கம் தோன்றக் காரணமானவர். அக்கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜான் மாக் இரசாயன நூல் ஒன்றை 1834-இல் வங்க மொழியிலேயே வெளியிட்டார். நற்செய்தி சொல்லப் போகிறவன் செடிகொடிகளையும் உலோகங்களின் இயல்பையும் இந்நாட்டாரின் காவியங்களையும் அறிந்திருத்தல் வேண்டும் என்று அவர்கள் எண்ணியதை, ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று கொள்ளுதல் தவறாகும். படைப்பு முழுவதும் ஒருவனுடையது என்று நம்பியவர்கள், அப்படைப்பைப் பற்றிய அறிவையும் தேவனைப் பற்றிய அறிவையும் ஒரே கூரையின்கீழ் வைத்ததில் அவர்களுடைய விசுவாசத்தின் உறுதியே புலனாகின்றது.

மார்ஷ்மன் ஐரோப்பாவுக்குச் சென்று வேண்டிக்கொண்டதன் பயனாக, ஆறாம் பிரெடெரிக் மன்னர் 1827-இல் அக்கல்லூரிக்கு அரச சாசனம் ஒன்றை வழங்கி, கோப்பன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களைப் போலவே பட்டமளிக்கும் உரிமையை அதற்கு அளித்தார். 1833-இல் வகுக்கப்பட்ட விதிகள், சாதியோ நிறமோ தேசமோ எவரையும் தடுக்கலாகாது என்று கூறின. இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவனும் ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒருவன் கேள்விக்கு மற்றவன் விடை தேடும் இடமாகவே அக்கல்லூரி கருதப்பட்டது.

அக்கருத்து நிறைவேறாமற் போனதற்குக் காரணம் கெட்ட எண்ணம் அன்று, காலத்தின் ஏற்பாடே. 1845-இல் சேரம்பூர் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதும் சாசனத்தின் உரிமைகள் காக்கப்பட்டன. ஆயினும் அவை நெடுநாள் உறங்கிக் கிடந்தன. 1857-இல் கல்கத்தா, சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது, சமயங்களுக்கிடையே நடுநிலை காக்க விரும்பிய அரசாங்கம் அவற்றில் இறையியலுக்கு இடம் வைக்கவில்லை. சேரம்பூர்க் கல்லூரியும் தன் மற்றக் கலைகளைக் கல்கத்தாவோடு இணைத்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் முதல்வராய் வந்த ஜார்ஜ் ஹவெல்ஸ் சாசனத்தின் அதிகாரத்தைத் தட்டியெழுப்ப, முதல் பி.டி. பட்டங்கள் 1915-இல் வழங்கப்பட்டன. 1918-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று பல சபையார் சேர்ந்த செனட்டை அமைத்தது. அன்று முதல் எல்லாக் கலைகளுக்கும் உரியதாயிருந்த சாசனம் நடைமுறையில் இறையியல் ஒன்றற்கே உரியதாயிற்று. விஞ்ஞானம் ஒரு மதிலுக்குள்ளும் தேவ சாஸ்திரம் வேறொரு மதிலுக்குள்ளும் வாழத் தலைப்பட்டன.

இந்த ஏற்பாட்டின் நன்மைகளை யாரும் குறைத்து மதிப்பிடலாகாது. லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பாப்டிஸ்டு என்று பிரிந்து நின்ற சபைகளின் மாணவர் ஒரே பாடத்திட்டத்தைப் பயின்று ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதியது, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முன்பே அவர்களுக்கிடையே ஒரு சகோதர உணர்வை வளர்த்தது. விடைத்தாளைத் திருத்துபவர் மாணவனின் சாதியையோ குடும்பத்தையோ அறியார் என்னும் ஒன்றே, பரிந்துரையாலும் உறவாலும் பதவி பெறும் வழக்கத்துக்கு ஒரு தடையாக நின்றது. சபை தன் பீடத்தருகே பெண்களை அனுமதிக்கத் தயங்கிய காலத்திலேயே தேர்வு மண்டபம் அவர்களை அனுமதித்தது. பட்டம் பெற்ற பெண்கள் பலர் குருத்துவத்துக்காகப் பல்லாண்டு காத்திருந்தார்கள் என்பதில் வெட்கப்படவேண்டியது சபையே.

இவற்றினும் பெரிது, விசாரணை செய்யும் சுதந்திரம். வேதாகம நூல்கள் எக்காலத்தில், எவ்வாறு, யாருக்காகத் தோன்றின என்று ஆராயும் மாணவன் முதலாண்டில் கலங்குகிறான். சிலர் அக்கலக்கத்தைக் கண்டு கல்வியையே பழிக்கின்றனர். ஆயினும் அவ்விசாரணை இல்லாத இடத்தில், பிரசங்கியின் சொந்த விருப்பமே தேவவாக்கின் வேஷத்தில் பேசத் தொடங்குகிறது என்பதை, செழிப்பையும் அற்புதத்தையும் விலை கூறும் மேடைகள் நமக்குத் தினந்தோறும் காட்டுகின்றன. 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்னும் சிந்தனை கிளைத்தெழுந்தது. ஒடுக்கப்பட்டோர் பெருந்தொகையினராயிருந்தும் அவர்களுடைய துன்பத்தை இறையியலின் பொருளாகக் கொள்ளாத ஒரு திருச்சபையை நோக்கி, அத்தகைய கேள்வியைக் கேட்கக் கூடிய இடமாகக் கல்லூரி இருந்தது. வாரந்தோறும் சபையாரின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய பிரசங்க பீடத்திலிருந்து அக்குரல் முதலில் எழுந்திருக்குமா என்பது ஐயமே.

ஆயினும் மதிலுக்குள் அடைபட்ட பல்கலைக்கழகம் தன் பெயருக்குரிய பயனைப் பாதியே தரும். இறையியல் மாணவன் தன்னைப் போன்றோருடனேயே உண்டு, உறங்கி, ஆராதித்து, வாதிடுகிறான். நம்பாதவனோடும் வேறு சமயத்தவனோடும் ஒரே பெஞ்சில் அமர்ந்து தர்க்கிக்கும் பழக்கம் அவனுக்கு வாய்ப்பதில்லை. பொருளாதாரம் பயிலும் நண்பனிடம் கடன்பட்ட உழவனின் நிலையைக் கேட்டறியவும், மருத்துவ மாணவனோடு மரணத்தைப் பற்றி இரவு முழுவதும் பேசவும் அவனுக்கு வழியில்லை. பின்னர்ச் சேகரத்தில் அத்தனை மனிதரையும் ஒருங்கே சந்திக்கும்போது, பாடப்புத்தகத்தின் பாஷையையே அவர்களிடம் பேசுகிறான். அப்பாஷையைக் கேட்ட மூத்தோர், படிப்பு இவனைக் கெடுத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர்.

மதிலுக்கு வெளியே விளைந்தவற்றை எண்ணிப்பார்த்தால் இது தெளிவாகும். சென்னையில் 1938-இல் வெளிவந்து, இந்தியக் கிறிஸ்தவ சிந்தனையையே கிளறிவிட்ட மறுசிந்தனைத் தொகுதியில் எழுதிய பி. செஞ்சையாவும் வி. சக்கரையும் வழக்கறிஞர்கள், குருமாரல்லர். சக்கரை தொழிற்சங்க இயக்கத்திலும் நகர அரசியலிலும் தோய்ந்தவர். நீதிமன்றத்திலும் தொழிலாளர் கூட்டத்திலும் பேசிப் பழகிய நா, கிறிஸ்துவைப் பற்றிப் பேசியபோதும் பொதுமக்கள் நடுவே பேசும் நேர்மையோடு பேசியது. பாளையங்கோட்டையிற் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூரின் பேராயராகிய ஏ. ஜே. அப்பாசாமி, ஆக்ஸ்போர்டில் யோவான் சுவிசேஷத்தையும் இந்து பக்தி மார்க்கத்தையும் இணைத்து ஆராய்ந்து, 1927-இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காணும் நூலை வெளியிட்டார். தமிழ்நாட்டு அடியார் மரபை ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் மதிப்போடு கற்பதற்கு, பல சமயங்களும் பல சாஸ்திரங்களும் அருகருகே பயிலப்படும் ஒரு பல்கலைக்கழகத்தை நாடிக் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது என்பது என் மனத்தை வருத்துகிறது. இத்தகைய அறிவைச் சபை அஞ்சிய பழைய கதையும் நம்மிடம் உண்டு: தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றித் தரங்கம்பாடி மிஷனெரி சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த நூல், அவர் சார்ந்திருந்த ஜெர்மனியின் ஹாலேயில் ஆதரவு பெறாமல், 1867-இல்தான் சென்னையில் அச்சேறிற்று.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கற்று ஆங்கிலத்தில் எழுதித் தேறியவன் தமிழிற் பிரசங்கிக்க முற்படும்போது, கற்றது ஓரிடத்திலும் பேசுவது வேறிடத்திலுமாகி, நடுவே தன் பாட்டனாரின் பழைய பிரசங்க நடையைக் கடன்வாங்கிக்கொள்கிறான். 1969-இல் மதுரை அரசரடியில் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியற் கல்லூரி பட்டப்படிப்பையே தமிழில் நடத்த முன்வந்தது, இவ்வகையில் நம் நாட்டு இறையியற் கல்வியின் மிகத் துணிவான செயல் என்பேன். அங்குப் போதித்த தியோபிலஸ் அப்பாவு, கிராமத்து மெட்டுகளையும் சேரி மக்களின் பேச்சையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தபோது, வழிபாட்டிலும் இறையியல் ஆய்வு நிகழக்கூடும் என்பதை நிரூபித்தார்.

பட்டமே பதவி உயர்வுக்கு ஏணியாகிவிட்ட தீமையும் உண்டு. மேற்பட்டங்களைத் தேடிச் சேகரத்தைவிட்டுக் கல்லூரிக்கே திரும்பும் குருவானவர்களால் கிராமங்கள் வறுமையடைகின்றன. குவாதமாலாவில் 1963-இல் தொடங்கி இந்தியாவுக்கும் வந்த விரிவாக்க இறையியற் கல்வி, மாணவனை ஊரைவிட்டு அகற்றாமலே கற்பிக்க முயன்றது. அது பொதுமக்களுக்குப் பெரிதும் உதவிற்று, ஆனால் நூலகமும் விவாதமும் தோழமையும் தரும் பயிற்சிக்கு அது ஈடாகாது.

கல்வியையும் ஊழியப் பயிற்சியையும் இணைப்பதில் ஜெர்மானியர் கண்ட முறை ஆராயத்தக்கது. பெர்லினில் 1810-இல் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதில் இறையியலுக்கு இடம் உண்டா என்ற ஆட்சேபம் எழ, சட்டமும் மருத்துவமும் சமுதாயத்தின் தேவையை முன்னிட்டுத் தம் பல அறிவுகளை ஒன்றுதிரட்டுவதுபோல் இறையியலும் சபையை நடத்தும் பொறுப்பை முன்னிட்டு ஒன்றுபடுகிறது என்று இறையியலாளர் ஷ்லையர்மாகர் வாதித்தார். ஆனால் அந்நாட்டுச் சபைகள் பல்கலைக்கழகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. விட்டன்பர்க்கில் 1817 முதல் நடப்பதுபோன்ற பிரசங்கியர் பயிற்சி நிலையங்களில், பட்டம் பெற்றவன் சபை நடுவே ஊழியத்தைக் கற்று, இரண்டாம் தேர்வும் எழுதிய பிறகே குருவானவன் ஆகிறான். அறிவுக்கு ஒரு காலமும் பழக்கத்துக்கு ஒரு காலமும் என்று பிரித்து, இரண்டையும் கட்டாயமாக்கிய அவ்வொழுங்கை நாம் பின்பற்றுதல் நலம். இரண்டாம் காலத்தில் மாணவனுக்கு ஆசிரியராக ஓர் அனுபவமிக்க உபதேசியார் அமைவாராயின், சேகரத்து மூத்தோரின் ஆட்சேபம் பெரிதும் நீங்கிவிடும்.

முதற்காலத்தைச் சீர்செய்யவோ புதிய கட்டடமும் புதிய சாசனமும் வேண்டியதில்லை. தாம்பரத்திலும் திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் திருச்சபைத் தொடர்புடைய கலைக் கல்லூரிகள் பல சமய மாணவரோடு நடந்துவருகின்றன. மதுரையில் அரசரடியிலிருந்து வைகையைக் கடந்தால், 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள தமிழ் வகுப்பிலும் பொருளாதார வகுப்பிலும் இறையியல் மாணவன் வாரத்தில் சில நாள் அமரவும், அங்குள்ள மாணவன் விரும்பினால் அரசரடிக்கு வந்து வேதாகம வரலாற்றைக் கேட்டுக் கேள்வி எழுப்பவும், இரண்டு நிர்வாகங்களும் சேர்ந்து ஒரு கால அட்டவணை வகுத்தால் போதும்.