பணிமுட்டுகள்

யாத்திராகமத்தின் 25ஆம் அதிகாரத்தோடு பைபிளை மூடிவைத்தவர்கள் ஏராளம். செங்கடல் பிளந்தாயிற்று, சீனாய் மலை முழங்கியாயிற்று, பிறகு திடீரென்று முழக்கணக்கு தொடங்குகிறது. பெட்டி இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம். மேசைக்கு இவ்வளவு, பலிபீடத்துக்கு இவ்வளவு. 31 வரை கட்டளை. 35 முதல் 40 வரை அந்தக் கட்டளை நிறைவேறிய கதை, கிட்டத்தட்ட அதே சொற்களில். நடுவில் பொன் கன்றுக்குட்டி. அகதி முகாமில் யாரோ தந்துவிட்டுப் போன தமிழ் வேதாகமத்தை நானும் இந்த இடத்தில்தான் பலமுறை மூடினேன்.

மறுபடி திறக்கவைத்தவை 27ஆம் அதிகாரத்துச் சாமான்கள்: சாம்பல் அள்ளும் சட்டி, கரண்டி, கிண்ணி, முள்துறடு, நெருப்புச்சட்டி. இரவு கரியடுப்பைத் துப்புரவாக்கி, குசினியைக் கழுவிவிட்டு வீடு வந்தவனுக்கு இது தெய்வீகப் பட்டியலாகத் தெரியவில்லை, வேலைத்தலமாகத் தெரிந்தது. லேவியராகமம் 6இல் ஆசாரியன் காலையில் சணல்நூல் உடுப்போடு சாம்பலை எடுத்துப் பீடத்தருகே வைக்கிறான். பிறகு உடுப்பு மாற்றிக்கொண்டு அதைப் பாளையத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறான். நெருப்பு அணையக்கூடாது. ஓய்வுநாள்தோறும் பன்னிரண்டு அப்பங்கள் ஆறாறாக இரண்டு அடுக்காய் மேசைக்கு வரவேண்டும். எடுத்த பழைய அப்பம் ஆசாரியருக்குச் சாப்பாடு. இதை எழுதியவர்கள் வேலை தெரிந்தவர்கள். முள்துறடு எதற்கென்று தெரிய 1 சாமுவேல் 2ஐப் பார்க்கவேண்டும். ஏலியின் புதல்வர்களின் வேலைக்காரன் முக்கூருள்ள துறட்டைச் சனங்களின் பானைக்குள் குத்தி, வந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போவான். பணிமுட்டுப் பட்டியலில் இந்தச் செய்தி வராது.

அதே சொற்கள் திரும்ப வருகின்றன என்பது பொதுவான குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை. கட்டளையில் முதலில் வருவது பெட்டி. உள்ளேயிருந்து வெளியே போகிறது வரிசை. செய்யும்போது முதலில் கூடாரம், பிறகுதான் பெட்டி. கடவுள் நடுவிலிருந்து பேசுகிறார், தச்சன் கூரையிலிருந்து தொடங்குகிறான். இதைக் கவனித்து எழுதியவனை வெறும் நகலெடுப்பவன் என்று தள்ளிவிட முடியாது.

விளக்குக்குத் தமிழில் ‘குத்துவிளக்கு’ என்று போட்டிருக்கிறார்கள். வாசிக்கும்போது எங்கள் வீட்டுப் பித்தளைத் தண்டுதான் கண்முன் வருகிறது. அதுவோ ஆறு கிளையும் வாதுமைப் பூவுமாக, ஒரு தாலந்துப் பொன்னில் அடித்த மரம். எடை உண்டு, உயரம் இல்லை. வெண்கலத் தொட்டிக்கு அளவே கிடையாது. கூடார வாசலில் பணிசெய்த பெண்களின் முகம்பார்க்கும் கண்ணாடிகளால் அது செய்யப்பட்டது என்று 38ஆம் அதிகாரத்தில் ஒரேயொரு வரி. அக்காலத்தில் கண்ணாடி என்பது மினுக்கிய வெண்கலம். எல்லாவற்றையும் அளந்தவர்கள் பெண்கள் கொடுத்ததை மட்டும் அளக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் அங்கே என்ன பணி செய்தார்கள் என்பதும் சொல்லப்படவில்லை.

இந்தப் பக்கங்களுக்குத் தமிழில் முக்கியமான ஒரு வாசகர் முன்பே இருந்திருக்கிறார்: ஆறுமுக நாவலர். பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழாக்கத்துக்கு உதவியவர். அது 1850இல் அச்சேறியது. 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதியபோது இந்த இஸ்ரவேல் வழிபாட்டு முறைகளையே மிஷனரிமாருக்கு எதிராகத் திருப்பினார். விளக்கும் தூபமும் நைவேத்தியமும் உங்கள் வேதத்திலும் இருக்கிறதே, எங்களுடையது மட்டும் எப்படி அஞ்ஞானமாகும் என்பது வாதத்தின் சாரம். கெட்டிக்கார வாதம். ஆனால் நாவலர் பார்த்தது நிலையாய் நிற்கும் கோயிலை. யாத்திராகமத்தின் சாமான்களோ நிற்பதற்குச் செய்யப்பட்டவை அல்ல. பெட்டிக்கு நாலு வளையம், இரண்டு தண்டு. மேசைக்கு, தூபபீடத்துக்கு, பலிபீடத்துக்கும் அப்படியே. பெட்டியின் தண்டுகளைக் கழற்றவே கூடாது என்கிறது 25:15. (எண்ணாகமம் 4இல் புறப்படும்போது தண்டைப் பாய்ச்சச் சொல்கிறது. இரண்டு கைகள் எழுதியிருக்கின்றன போலும்.)

கூடாரம் என்பது பிற்காலத்தார் எருசலேம் ஆலயத்தைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் வைத்த கற்பனை என்றார் வெல்ஹவுசன், 1878இல். கி.மு. 586இல் பாபிலோனியர் ஆலயத்தை எரித்த பிறகு எழுந்த எழுத்து என்பது அவர் கணக்கு. இல்லை, அழிவுக்கு முந்தியது என்று மெனாஹெம் ஹாரான் 1978இல் மறுத்தார். எனக்கு வெல்ஹவுசன் பக்கம் மனம் சாய்கிறது. வீடு இருப்பவன் தன் வீட்டை முழம்போட்டு எழுதிவைப்பதில்லை. ஆனால் இழந்ததைத் திரும்பக் கட்ட மட்டும் எழுதியிருந்தால் தண்டுகள் எதற்கு? சாலொமோனின் கல் ஆலயத்துக்குள் பெட்டி போய்ச் சேர்ந்த பிறகும் தண்டுகளின் முனைகள் பரிசுத்த ஸ்தலத்திலிருந்து தெரிந்தன, இந்நாள்வரை அங்கே இருக்கின்றன என்கிறது 1 இராஜாக்கள் 8:8. ஆலயம் எரிந்த கதையோடு முடியும் நூலில் அந்த ‘இந்நாள்வரை’யை ஒருவரும் வெட்டவில்லை.

இவ்வளவும் பாராட்டு. எனக்கு ஒட்டாதது லேவியராகமம் 21. குருடன், சப்பாணி, கால் ஒடிந்தவன், கை ஒடிந்தவன், கூனன் ஆகியோர் ஆரோன் வம்சமானாலும் பலிபீடத்தை அணுகக்கூடாது. அப்பத்தில் பங்கு உண்டு, திரைக்குக் கிட்டப் போக முடியாது. என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவருக்கு ஷெல் பட்டு வலது முழங்காலுக்குக் கீழே இல்லை. இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “சாப்பாடாவது குடுக்கிறாங்கள் தானே” என்றார். சிரித்தோம். ஆனால் தோற்று, முடமாகி, நடத்திச் செல்லப்பட்ட சனங்களுக்காக எழுதிய பிரதி இது என்றால், அவர்களில் எத்தனை பேரை இது வெளியே நிறுத்தியிருக்கும்? ஒற்றுமைகளை எண்ணிக் காட்டிய நாவலரும் இந்த ஒற்றுமையைக் குறையாகக் கண்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

சுமந்தவர்கள் கதை இன்னும் மோசம். கோகாத் வம்சத்தில் 30 வயது முதல் 50 வரையுள்ளவர்கள் 2750 பேர். என் வயதுக்காரர். மற்ற லேவியருக்கு வண்டியும் மாடும் கிடைத்தன. இவர்களுக்கு இல்லை, தோள்தான். ஆரோனும் புதல்வர்களும் முதலில் போய்ப் பெட்டியைத் திரையாலும் தோலாலும் நீலத் துணியாலும் மூடிவிட்டு வருவார்கள். அதன்பிறகே இவர்கள் உள்ளே வரலாம். தொட்டால் சாவு, மூடும்போது எட்டிப் பார்த்தாலும் சாவு. பிறகொரு நாள் பெட்டியை வண்டியில் ஏற்றியபோது மாடு இடறியது; விழாமல் கைகொடுத்த ஊசா அந்த இடத்திலேயே செத்தான். அந்தப் பெட்டி எப்படியிருந்தது என்று அதைச் சுமந்தவனிடம் கேட்டால் பாரத்தைத்தான் சொல்லியிருப்பான். முழக்கணக்கு எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

பாபிலோனியர் கொண்டுபோனவற்றின் பட்டியல் 2 இராஜாக்கள் 25இல் இருக்கிறது. பெட்டி அதில் இல்லை. கோரேசு திருப்பிக் கொடுத்தவை எஸ்றா 1இல் உள்ளன: பொன் தட்டு 30, வெள்ளித் தட்டு 1000, கத்தி 29, பொற்கிண்ணம் 30, வெள்ளிக் கிண்ணம் 410, மற்றப் பணிமுட்டுகள் 1000. அதிலும் பெட்டி இல்லை. ஆக மொத்தம் 5400 என்று எழுதியிருக்கிறது. ஸ்ரொக் எடுக்கிற பழக்கத்தில் ஒரு பில்லின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். 2499தான் வந்தது. மறுபடியும் கூட்டினேன்.